பந்தடித்த வசந்தவல்லிக்கு நிலம் எங்கே?

2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக் நகரில், தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி மணிப்பூரை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைப் பெற்றது. 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 ஜூன் 28 அன்று அமிர்தசரசில் அரியானாவை மீண்டும் அதே 2-1 கணக்கில் வென்று, தமிழ்நாடு தேசியப் பட்டத்தை இரண்டாம் முறை பெற்றது. ஆறாண்டுக்குள் மூன்று பட்டங்கள். இந்த மூன்றைப் பற்றியும் நம் இலக்கியக் கூட்டங்களில், சிற்றிதழ்களில், தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் ஒரு சொல்லேனும் உதிர்ந்ததாக நாம் கேட்டதில்லை. பெண்ணெழுத்து, பெண்மொழி, பெண்ணுடல் அரசியல் என்று ஆண்டுக்கு இரண்டு கருத்தரங்கம் நடத்தும் துறைகள் நம்முடையவை. பெண்ணுடல் தொண்ணூறு நிமிடம் ஓடி வென்றுவந்த செய்தி மட்டும் நம் கருத்தரங்க அழைப்பிதழ்களுக்குள் நுழையவில்லை.

இக்கட்டுரை அந்த மௌனத்திற்கு எதிரானது. கால்பந்து பற்றி இலக்கியவாதிகள் எதற்காகப் பேசவேண்டும் என்று கேட்கும் அன்பர்கள், பொறுமையிருந்தால், இறுதிவரை வாசிக்க வேண்டுகிறோம்.

முதலில் இப்போட்டி யாது என்பதைச் சொல்லிவிடுவோம். ஆண்களுக்கான மாநிலங்களிடைக் கால்பந்துப் போட்டியாகிய சந்தோஷ் டிராபி 1941 இல் தொடங்கியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்களுக்கு அதே போன்ற தேசியப் போட்டியை நடத்தத் தொடங்கியது 1991 இல். இடைவெளி ஐம்பதாண்டு. அதற்குமுன் பெண்கள் ஆடவில்லை என்பதன்று. 1975 இல் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1980 இல் கோழிக்கோட்டில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1983 இல் மீண்டும் இரண்டாமிடம். அவ்வாண்டு சாந்தி மல்லிக் அர்ச்சுனா விருது பெற்றார். அவ்விருது அடுத்த பெண் கால்பந்து ஆட்டக்காரரைத் தேடிச் சென்றது 2017 இல், மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவியிடம். முப்பத்து நான்காண்டு இடைவெளி. பெண்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். நாடுதான் பார்க்காமல் இருந்தது.

இத்தேசியப் போட்டிக்கு 2023-24 முதல் ராஜமாதா ஜிஜாபாய் டிராபி எனப் பெயர். மாநிலந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அணி, குழு ஆட்டங்கள், பின்னர் தோற்றவர் வெளியேறும் ஆட்டங்கள் என்பது இதன் அமைப்பு. இருபதுக்கும் மேற்பட்ட முறை மணிப்பூரே வென்றிருக்கிறது. அந்த மணிப்பூரை இறுதியாட்டத்தில் வீழ்த்தியது சிறிய செயலன்று என்பதை விளையாட்டு அறியாதவரும் உணரலாம். ஆயினும் இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. ஒரு மாநிலத்திற்கு ஓர் அணி. ஓர் அணிக்கு இருபதுபேர் அளவில் இடம். எட்டுக்கோடிக்கு அருகில் மக்கள்தொகை கொண்ட தமிழ்நாட்டில், தேசியப் போட்டியில் கால்பதிக்க அந்த இருபதுபேருக்கு மட்டுமே இடம். மகளிர் லீக்கின் முதல் தளத்திலோ 2024-25 இல் நாடு முழுமைக்கும் எட்டே கிளப்புகள். பாளையங்கோட்டையின் ஒரு கல்லூரி அணியோ, அம்பாசமுத்திரத்தின் ஓர் ஊரணியோ தன் பெயரைப் பதிவுசெய்து, உள்ளூர்ச் சுற்றில் தொடங்கி, வென்றுகொண்டே போய்த் தேசிய இறுதியாட்டத்தைத் தொடக்கூடிய திறந்த கோப்பை ஒன்று பெண்களுக்கு இந்நாட்டில் இல்லை. அது வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் மறுப்பு மரபின் பெயரால் வருவது. பந்தை உதைத்து ஓடுவது தமிழ்ப் பெண்ணின் மரபன்று என்பார் உளர். வெளிப்படையாகச் சொல்லாவிடினும் மனத்தில் வைத்திருப்போர் பலர். அவர்களில் தமிழ் கற்றோரும் அடக்கம் என்பதுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது. தமிழிலக்கியத்தில் பந்து யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் பெண் கையில். சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் ஓரையும் மகளிர் ஆட்டங்கள். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் கந்துகவரி பந்தாடும் மகளிர்க்கான பாட்டு. கொங்குவேளிரின் பெருங்கதையில் பந்தடி ஒரு முழுப் போட்டியாகவே நடக்கிறது. ஒருத்திபின் ஒருத்தியாக வந்து, எண்ணிக்கை வைத்து அடித்து, முந்தியவளை விஞ்சுகிறார்கள். மானனீகை அனைவரையும் மிஞ்சுகிறாள். நம் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி தோன்றுவதே பந்தோடுதான். 2019 இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது என்பதற்காகக் குற்றாலத்தை நாம் விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லை. குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில்தான் கலக்கிறது. ஆகவே வசந்தவல்லி இப்பள்ளத்தாக்கின் மகள்.

ஆக, மரபு எனும் வழக்கில் தீர்ப்பு பெண்களுக்கே சாதகம். ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டு மார்தட்டுவது நேர்மையாகாது. மேடைப் பேச்சாளர் பலர் இங்கேதான் நிறுத்துவர். கைத்தட்டலும் இங்கேதான் கிடைக்கும். அப்பாடல்களைச் சற்று ஊன்றிப் படித்தவர்க்கு வேறொன்று புலப்படும். பந்தாடும் பெண்ணைப் பாடிய புலவர்கள் பந்தைப் பார்த்ததைவிட மிகுதியாகப் பார்த்தது பெண்ணின் இடையை, கொங்கையை, அவிழும் குழலை, ஒலிக்கும் வளையை. வசந்தவல்லியின் ஆட்டத்தில் எதிரணி இல்லை. வெற்றி தோல்வி இல்லை. அவள் களைத்தாளா, தவறவிட்டாளா, மறுபடி முயன்றாளா என்பது பாட்டுக்கு வேண்டுவதன்று. பெருங்கதையில் உண்மையான போட்டி இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஆனால் அங்கும், ஆட்டத்தைக் கண்ட உதயணன் மானனீகைமீது காதல்கொள்வதற்கே அது வழி திறக்கிறது. வென்றவளுக்குக் கிடைத்த பரிசு அரசனின் விழைவு. பிள்ளைத்தமிழிலும் பாகுபாடு தெளிவு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும். அவை உடைப்பதும் ஓசையெழுப்புவதும் தெருவில் இறங்குவதுமாகிய செயல்கள். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவன் ஊரை நோக்கிச் செல்ல, அவள் இருந்த இடத்திலிருந்தே ஆடுகிறாள்.

நம் மரபு பெண்ணின் கையில் பந்தைக் கொடுத்தது, ஆடுகளத்தைக் கொடுக்கவில்லை. இதனை நாம் உருவகமாகச் சொல்லவில்லை. குறவஞ்சியைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் மானியமாக அளித்தார். அந்நிலத்திற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கிற்று. பந்தடித்த பெண்ணைப் பாடியவருக்கு நிலம் கிடைத்து முந்நூறாண்டு ஆகிறது. பந்தடிக்கும் பெண்ணுக்கு ஒரு மாலைப்பொழுதிற்கு ஒரு மைதானம் கிடைப்பது இன்றும் அரிதாக இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு வணிகத்தின் பெயரால் வருவது. பெண்கள் கால்பந்தைக் காண ஆளில்லை, ஆளில்லாத ஆட்டத்திற்குப் பணமில்லை, பணமில்லாமல் கோப்பை இல்லை என்பர். கேட்பதற்குக் கணக்குப் போலத் தோன்றும் இவ்வாதத்தை வரலாறு எப்போதோ உடைத்துப்போட்டுவிட்டது. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், குடிசன் பார்க் அரங்கில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணிக்கும் நடந்த ஆட்டத்தைக் காண 53,000 பேர் வந்தனர். அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று தீர்மானித்து, தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. கவனிக்க வேண்டும்: ஆடுவதைச் சட்டத்தால் தடுக்கவில்லை, மைதானத்தை மறுத்தார்கள். அதுவே போதுமானதாயிற்று. ஆட்டம் பூங்காக்களுக்கும் வெற்றுத் திடல்களுக்கும் ஒதுங்கிற்று. கூட்டம் கரைந்தது. பின்னர் வந்த தலைமுறைகள், பெண்கள் கால்பந்துக்குக் கூட்டம் வராது என்பதை இயற்கை விதிபோல நம்பத் தொடங்கின.

அத்தடை 1971 வரை நீடித்தது, இங்கும் ஐம்பதாண்டு. அவ்வாண்டு மே 9 அன்று, அங்கு பெண்களுக்கான தேசிய வெளியேற்றுக் கோப்பையின் முதல் இறுதியாட்டம் இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் திடலில் நடந்தது. சவுதாம்ப்டன் பெண்கள், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஸ்டூவர்ட்டன் திஸில் அணியை 4-1 என வென்றனர். நடத்தியது தடைவிதித்த சங்கமன்று. 1969 இல் பெண்கள் கால்பந்துக்கென ஆர்வலர்கள் கூடி அமைத்த தனிச் சங்கம். காண்பவர் வந்தபின் கோப்பை தொடங்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கோப்பையைத் தொடங்கினார்கள். அதே கோப்பையின் 2023 இறுதியாட்டம் வெம்பிளி அரங்கில், செல்சிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டிற்கும் இடையே நடந்தபோது வந்தவர் 77,390 பேர். காண்பவரை உண்டாக்க ஐம்பதாண்டு ஆயிற்று என்பது உண்மை. ஆனால் தொடங்காமல் இருந்திருந்தால் ஐந்நூறாண்டு ஆகியிருந்தாலும் எவரும் வந்திருக்கமாட்டார்.

இங்கே நமக்கு எழுத்தில் போட்ட தடை எதுவும் இருந்ததில்லை. நம் தடை ஓசையற்றது. அதை யாரும் தீர்மானமாக நிறைவேற்றுவதில்லை. ஆகவே அதை எதிர்த்து யாரும் வழக்கு உரைப்பதுமில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்பிள்ளை பள்ளிவிட்டு வந்தவுடன் மடியில் ஏறுவது பீடித் தட்டு. தாய் இலை வெட்ட, மகள் தூள் வைத்துச் சுருட்ட, அல்லது சுருட்டியதை எண்ணிக் கட்ட, அந்தியாகிவிடும். பூப்பெய்திய பின்னர் தெருவில் ஓடுதல் நின்றுவிடும். அரைக்கால் சட்டை அணிவது ஊரில் பேச்சாகிவிடும். பயிற்சி முடியும் நேரமும் கடைசி நகரப் பேருந்து புறப்படும் நேரமும் ஒன்றாக இருக்கும். அண்ணன் மைதானத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு வந்தால் தட்டில் சோறு இருக்கும். தங்கை ஏழு மணிக்கு வந்தால் வாசலில் கேள்வி இருக்கும். இத்தனையும் சேர்ந்ததுதான் நம் 1921 தீர்மானம்.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவள், நல்ல கோல்காப்பாளர். சில ஆண்டுகளுக்குமுன் உள்ளூர்ப் போட்டி ஒன்றில் அவள் அணி அரையிறுதிக்கு வந்தது. அன்று ஆண்கள் இறுதியாட்டமும் இருந்ததால், பெண்களின் அரையிறுதி கோடு போடாத பக்கத்துத் திடலுக்கு மாற்றப்பட்டு, பகல் ஒரு மணி வெயிலில், பாதிக்குப் பதினைந்து நிமிடமாகக் குறைக்கப்பட்டு நடந்தது. மாற்றியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்கு அது ஒரு நேர ஒதுக்கீட்டுச் சிக்கல், அவ்வளவே. அவள் அடுத்த ஆண்டு அணிக்கு வரவில்லை. காரணம் கேட்டதற்கு, ‘வீட்டில் வேலை இருக்கிறது ஐயா’ என்றாள். அந்த ஒரு மணி வெயிலை அவள் குறிப்பிடவே இல்லை.

மூன்றாம் மறுப்பு பரிவின் வேடத்தில் வருவது. ஏழை வீட்டுப் பெண்கள், ஆடினால் அரசு வேலையாவது கிடைக்கும், ஆகையால் ஊக்குவிப்போம் என்பர். இதனை நாம் இகழவில்லை. கடலூர் மாவட்டத்திலிருந்து வந்து இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன், 2020 கொரோனா பொதுமுடக்கத்தின்போது சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் நின்றவர். அந்தச் சீருடை அவர் உழைப்பின் ஊதியம். அவர் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு வழிகாட்டி. ஆனால் இவ்வாதத்தின் உள்ளே ஒரு நஞ்சு இருக்கிறது. ஆணின் விளையாட்டு விளையாட்டாக இருக்கலாம். பெண்ணின் விளையாட்டு பிழைப்பாக இருந்தால்தான் மன்னிக்கப்படும் என்பதே அது. மாலையில் திடலில் பந்து விரட்டும் பையன்களில் எத்தனைபேர் வேலைக்காக ஆடுகிறார்கள்? அவர்களிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. பெண் மட்டும் தன் ஓட்டத்திற்கு ஒரு சம்பளப் பட்டியலைப் பிணையாக வைக்கவேண்டும். மகிழ்ச்சிக்காக ஆடும் உரிமை முதலில் வரட்டும்; வேலை அதன்பின் வரட்டும்.

நம் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்துக் கடையத்தில் மணவுறவு கொண்ட பாரதி, பாப்பாப் பாட்டில் ஒரு பெண்குழந்தையின் நாளைப் பகுத்துக்கொடுத்தபோது, விளையாட்டுக்குத் தனியே ஒரு பொழுதை ஒதுக்கினார். எதற்காக விளையாடவேண்டும் என்று காரணம் சொல்லவில்லை. அப்பாட்டை ஆண்டுவிழாதோறும் சிறுமியரைக்கொண்டு பாடச்செய்து, அதே சிறுமியரைப் பன்னிரண்டு வயதில் திடலிலிருந்து இறக்கிவிடும் சமூகம் நம்முடையது.

இனி நான்காவது மறுப்பு. இது விளையாட்டை அறிந்தவர்களிடமிருந்து வருவது. ஆகவே மதித்து விடைகூற வேண்டியது. வெளியேற்றுமுறைக் கோப்பை பலவீனமான அணிக்கு நன்மை செய்யாது. ஓர் ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும். வளரும் அணிக்குத் தேவை பல ஆட்டங்கள், அதாவது லீக் என்பர். இதில் பேருண்மை உண்டு. ஓர் அணி வளர்வதற்கு ஆண்டுக்கு ஓர் ஆட்டம் போதாது. நெல்லையிலிருந்து இரண்டு நாள் இரயில் ஏறி வடக்கே போய், ஒரே பிற்பகலில் தோற்றுத் திரும்புவது பணத்திற்கும் மனத்திற்கும் கேடு. அதனால் லீக் வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. மாவட்ட லீக் முதலில் வேண்டும். கோப்பையோ, லீக் செய்யாத ஒன்றைச் செய்யும். லீக்கில் வலியவர் வலியவரோடும் எளியவர் எளியவரோடும் ஆடுவர். கோப்பையில் சீட்டுக் குலுக்கினால் எவர்க்கு எவரும் வரலாம். ஓர் ஊரணியின் பெயரும் நாடறிந்த அணியின் பெயரும் ஒரே வரியில் அச்சாகும்.

அதன் ஆற்றலை இந்தியா நன்கறியும். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில், ஐ.எஃப்.ஏ. கேடயம் எனும் வெளியேற்றுக் கோப்பையின் இறுதியில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. நீண்ட லீக் ஒன்றில் அப்படைப்பிரிவு முந்தியிருக்கலாம். ஆனால் ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அப்பிற்பகலை நூறாண்டு கடந்தும் வங்கம் பேசுகிறது. அதிகாரமற்றவர்களுக்கு ஒரு பிற்பகலை உரிமையாக்குவதே கோப்பையின் பயன். அந்த உரிமை ஆண்களுக்கு 1888 இல் தொடங்கிய டுராண்டு கோப்பையிலிருந்து 1977 இன் ஃபெடரேஷன் கோப்பை, 2018 இன் சூப்பர் கோப்பை எனப் பல பெயர்களில் வழங்கப்பட்டுவந்திருக்கிறது.

பயணச் செலவு எனும் இடர்ப்பாட்டுக்கும் தீர்வு உண்டு. அது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. இங்கிலாந்தில் தொடக்கச் சுற்றுகளில் அண்டை வட்டாரத்து அணிகளையே தம்முள் மோதவிடுவர். நாமும் அவ்வாறே செய்யலாம். முதற்சுற்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்ட அணிகளுக்குள். பேருந்தில் காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவு. அச்சுற்றில் மட்டும் நான்கு நான்கு அணிகளைக் குழுவாக்கினால் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. அடுத்தது மாநிலச் சுற்று, அதன்பின் தென்மண்டலம், இறுதியாக எட்டு அணிகள் தேசிய அளவில். இரயில் ஏறவேண்டியவர் அந்த எட்டு அணியினர் மட்டுமே. நூறு அணி தொடங்கிய போட்டியில் அந்த எட்டுக்குள் வந்தோம் என்ற பெருமிதத்தோடு அவர்கள் ஏறுவர்.

இதற்கு இப்பள்ளத்தாக்கில் இல்லாதது எது? பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கு இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெண்களுக்குக் கல்விக்கூடம் கண்ட ஊர் இது. சாராள் தக்கர் கல்லூரி, இராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி ஆகியவற்றோடு, தூய சவேரியார், தூய யோவான் போன்ற பழங்கல்லூரிகளும் இருக்கின்றன. அபிசேகப்பட்டியில் 1990 இல் தோன்றிய பல்கலைக்கழகம் இருக்கிறது. பாபநாசத்திலிருந்து ஆத்தூர் வரை ஆற்றின் இருகரையிலும் பள்ளிகள் நெருங்கி நிற்கின்றன. அண்டையிலுள்ள கோவில்பட்டி ஹாக்கியைத் தன் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊர் நினைத்தால் ஓர் ஆட்டம் வேரூன்றும் என்பதற்கு அதுவே சான்று. பெண்களுக்கு வாரத்தில் மூன்று மாலை திடலைத் தனியே ஒதுக்குதல், விளக்கு, உடைமாற்றும் அறை, கழிப்பறை, கடைசிப் பேருந்தை அரைமணி தள்ளிவைத்தல்: இவற்றுள் எதுவும் கோடிக்கணக்கில் பணம் கேட்பதன்று. அலுவலர் ஒருவர் கையெழுத்திட்டு முடிக்கக்கூடியவை.

அப்படியாயின் இலக்கியவாதிக்கு இங்கென்ன பணி என்ற தொடக்க வினாவுக்கு வருகிறோம். பணி உண்டு. ஓர் ஆட்டம் திடலில் பாதியும் சொல்லில் பாதியும் நடக்கிறது. மோகன் பகானின் 1911 இன்றும் வாழ்வது அதைப்பற்றி வங்காளிகள் எழுதிக்கொண்டே இருந்ததனால். நம் கட்டாக் வெற்றியும் அமிர்தசரஸ் வெற்றியும் செய்தித்தாளின் உட்பக்கத்தில் ஒருநாள் இருந்து மறைந்தன. யார் எந்த நிமிடத்தில் எப்படி அடித்தார், எந்தத் தடுப்பு ஆட்டத்தைத் திருப்பிற்று என்பதை ஒரு சிறுகதை வாசகன் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க தமிழில் எவரும் எழுதிவைக்கவில்லை. ஈழத்தவர்கள் இவ்வகையில் நமக்கு முன்னே நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்து நாளேடுகள் உதைபந்தாட்டம், தண்டனை உதை, கோல்காப்பாளர் என்று பிசிறற்ற தமிழில் ஊரணிகளின் ஆட்டங்களை எழுதுவதைப் படித்திருப்பீர்கள். கலைச்சொல்லாக்கம் என்று அகராதிக்குள் குடியிருக்கும் நம் துறைகள், ஒரு மாணவியைத் திடலுக்கு அனுப்பி, ஓர் ஆட்டத்தை எழுதிவரச் செய்திருக்கின்றனவா? பேடு என்றும் அன்னம் என்றும் அல்லாமல், இடையையும் கூந்தலையும் விட்டுவிட்டு, அவள் பந்தை எங்கே வாங்கினாள், யாருக்குக் கொடுத்தாள், ஏன் அங்கே ஓடினாள் என்று எழுதப்பட்ட ஒரு பக்கம் நம் உரைநடைக்கே புதுமையாக இருக்கும்.

2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங்மாயில், இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 2-1 என வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். தகுதிச்சுற்றில் ஆடி வென்று இந்தியப் பெண்கள் அப்போட்டிக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. நாடு சிறிது திரும்பிப் பார்க்கும் காலம் இது. திரும்பிப் பார்த்தல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும்.

நாம் கேட்பது இவை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, பதிவுபெற்ற எந்தப் பெண்கள் அணியும் நுழையக்கூடிய திறந்த தேசியக் கோப்பையைத் தொடங்கவேண்டும். தமிழ்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அதற்குக் காத்திராமல், மாநில அளவில் அதன் முதற்படியை மாவட்டச் சுற்றுகளோடு நடத்திக்காட்டவேண்டும். மாவட்ட நிருவாகம் பெண்களுக்கான திடல் நேரத்தை எழுத்தில் உறுதிசெய்து திடலின் வாயிலில் எழுதி வைக்கவேண்டும். ஆண்கள் இறுதியாட்டம் வந்தாலும் அது மாறக்கூடாது. கல்லூரிகள் தங்கள் பெண்கள் அணிக்கு ஒரு பயிற்றுநரையும் திரும்பிச்செல்ல ஓர் ஊர்தியையும் தரவேண்டும். தமிழ்த்துறைகள் அந்த ஆட்டங்களைச் சென்று கண்டு எழுதவேண்டும். இதில் கடைசிக் கோரிக்கைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதால் அதனை நம்மிடமிருந்தே தொடங்கலாம். அடுத்த பெண்கள் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, குறிப்பேட்டோடு செல்வோம். பகல் ஒரு மணி வெயிலில் நடத்தினார்களானால், அதையும் எழுதுவோம்.